அப்பாவின் நெகட்டிவ்களை வீட்டுக் கேமராவிலேயே படியெடுப்பது

நீங்கள் கேட்டதை ஒரு முறை திரும்பச் சொல்லிவிடுகிறேன், சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். அப்பா போன வருடம் தவறிவிட்டார். நங்கநல்லூர் வீட்டைக் காலி செய்யும்போது பீரோவின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. அதில் பட்டர் பேப்பர் கவர்களில் சுமார் 40 துண்டு கலர் நெகட்டிவ், அதற்கும் கீழே தாத்தா காலத்து அகலமான கறுப்பு வெள்ளை நெகட்டிவ் இரண்டு ரோல். டேப்லெட்டில் வெள்ளைத் திரையை வைத்து, அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு, போனில் படமெடுத்து, ஆப்பில் நிறத்தைத் திருப்பிப் பார்த்தீர்கள். முகமெல்லாம் நீலமாக வந்தது, கூடவே கட்டம் கட்டமாகக் கோடு. உங்களிடம் 24 மெகாபிக்சல் கேனான் ஒன்று, கூடவே வந்த 18-55 கிட் லென்ஸோடு இருக்கிறது. சின்னப் பொருளை மிகக் கிட்டத்தில் பெரிதாகப் பிடிக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கியே ஆக வேண்டுமா, வாங்கினால் எது என்பது கேள்வி.

லென்ஸைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், 'நான் கைவைத்து இவற்றைக் கெடுத்துவிடுவேனோ' என்ற பயம்தான் அதற்கு அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதனால் லென்ஸுக்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன். நான் 1989-ல் மயிலாப்பூரில் ஒரு ஸ்டூடியோவின் டார்க் ரூமில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்புறம் கலர் லேபில் பிரிண்டிங் மிஷினில் பல வருடம். இப்போது பன்னிரண்டு வருடமாகச் சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் கொண்டுவரும் நெகட்டிவ்களை வீட்டில் கேமராவில்தான் படியெடுக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நெகட்டிவைப் படம் பிடிப்பது ஒரு வேலை, அதிலிருந்து நிறம் கொண்டுவருவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் முக்கால்வாசிப் பேர் பத்துப் படத்தோடு அலுத்துப்போய் டப்பாவை மூடிவிடுகிறார்கள். உங்கள் டப்பாவில் இருப்பது ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டிருக்கிறது. கேமராவில் ரா ஃபைலாக, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாகப் பிடித்து வைத்துவிட்டால் அது அப்படியே இருக்கும். நிறத்தை அடுத்த மாதமும் சரிசெய்யலாம், ஐந்து வருடம் கழித்து இன்னும் நல்ல மென்பொருள் வந்த பிறகும் சரிசெய்யலாம். ஆகவே இப்போதைக்கு நிறத்தை மறந்துவிட்டு, எல்லாத் துண்டுகளையும் கூர்மையாக, நேராக, சுத்தமாக ஒரு தடவை பிடித்து முடிப்பதுதான் வேலை.

கேமராவை எடுக்கும் முன்பு நெகட்டிவைப் பாருங்கள். ஒவ்வொரு துண்டையும் ஓரத்தில் மட்டும் பிடித்து, டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் பளபளப்பாக இருக்கும், மறு பக்கம் கொஞ்சம் மங்கலாக இருக்கும். மங்கலான பக்கம்தான் எமல்ஷன். ஜெலட்டினில் படம் பதிந்திருப்பது அங்கேதான். அதன் மேல் சிலந்திவலை போலவோ பெரணி இலை போலவோ மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. சென்னையில் பாதி டப்பாக்களில் இது இருக்கிறது. நெகட்டிவ் சுகமாக இருப்பது ஈரப்பதம் 30-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கும் இடத்தில். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதம் 80-ஐத் தாண்டுவது சாதாரணம். பூஞ்சைக்கு ஜெலட்டின் நல்ல தீனி.

பூஞ்சை பிடித்த நெகட்டிவைத் தண்ணீரில் கழுவவே கழுவாதீர்கள். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. டார்க் ரூமில் எதற்கெடுத்தாலும் தண்ணீரில் அலசிப் பழகிய கை. 1990-களின் நடுவில் என் அத்தையின் கல்யாண நெகட்டிவ் ஒன்றில் வெள்ளையாகப் படர்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல டிரேயில் தண்ணீர் விட்டு அதை மிதக்க விட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆறின பாலின் மேல் இருக்கும் ஆடை நழுவுவது போல, மாலையும் கழுத்துமாக அத்தை நின்ற இடம் அப்படியே ஃபிலிமை விட்டு நகர்ந்து சுருங்கியது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைகிற நிலைக்கு வந்துவிடும், அதனால்தான் அப்படி. அந்த ஃபிரேமுக்கு வேறு பிரிண்ட் கிடையாது. உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

தூசிக்கு ரப்பர் பல்ப் வைத்த புளோயர் போதும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி படும். புளோயருக்குப் போகாததை மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். பளபளப்பான பக்கத்தில் கைரேகைப் பிசுக்கு இருந்தால் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நூல் பிரியாத துணியில் லேசாகத் தொட்டுத் துடைக்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மிச்சம் தண்ணீர், அது வேண்டாம். கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். எமல்ஷன் பக்கத்தை முடிந்தவரை தொடாமலே விடுங்கள். பூஞ்சை தெரிந்தால் தெரியட்டும், அப்படியே படம் பிடித்துக்கொள்ளலாம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட துண்டுகள் இருந்தால் பிய்க்காதீர்கள், தனியாக எடுத்து வையுங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டைப் பக்கத்திலிருந்து இப்படி ஒட்டிப்போன நெகட்டிவ்களைச் சிலர் என்னிடம் கொண்டுவந்தார்கள். வீட்டிலேயே பிரித்துப் பார்த்தவர்களின் படங்களைத்தான் என்னால் காப்பாற்ற முடியவில்லை. அப்புறம் மூக்கையும் பயன்படுத்துங்கள். டப்பாவைத் திறந்ததும் காடி (வினிகர்) வாடை அடித்தால் ஃபிலிமின் அசிட்டேட் அடித்தளமே சிதைய ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்றில் தொடங்கினால் பக்கத்தில் இருப்பதையும் அது வேகப்படுத்தும். அந்தத் துண்டுகளைப் பிரித்து வைத்து, அவற்றையே முதலில் பிடியுங்கள்.

இனி வெளிச்சம். டேப்லெட்டில் வந்த கட்டம் அந்தத் திரையின் பிக்சல்கள்தான். நெகட்டிவ் திரையின் மேலேயே கிடந்ததால் இரண்டும் சேர்ந்து ஃபோகஸ் ஆகிவிட்டன. நெகட்டிவைத் திரைக்கு 4, 5 செ.மீ. உயரத்தில் தூக்கி வைத்தாலே பிக்சல் கரைந்துவிடும். அதனால் டேப்லெட்டே போதும், தூக்கிப்போட வேண்டாம். பிரகாசம் முழுவதும் வையுங்கள், இரவில் மஞ்சளாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால், நிறத்தைச் சரியாகக் காட்டும் அளவான சிஆர்ஐ 95-க்கு மேல் போட்டிருக்கும் சின்ன எல்இடி பேனல் ஒன்று, அதன் மேல் பால் வெள்ளை அக்ரிலிக் துண்டு ஒன்று. பெயர்ப்பலகை செய்யும் கடையில் வெட்டியதில் மிஞ்சிய துண்டைக் கேட்டாலே கொடுப்பார்கள். கலர் நெகட்டிவுக்கு வெள்ளை எல்இடியைவிடச் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகக் கலந்த வெளிச்சம் நல்லது என்று சொல்கிறவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது, லேப் ஸ்கேனர்கள் பலவும் அந்த வழியில்தான் வேலை செய்தன. ஆனால் குடும்பப் படங்களுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும் என்று நான் சொல்ல மாட்டேன். இது என் அபிப்பிராயம்தான். அறை விளக்கை அணைப்பது அபிப்பிராயம் இல்லை, கட்டாயம். மேலிருந்து விழும் வெளிச்சம் ஃபிலிமின் மேல்பக்கத்தில் பட்டுத் திரும்பினால் கறுப்பு சாம்பலாகிவிடும்.

நெகட்டிவ் தட்டையாக இருக்க வேண்டும், கேமரா அதற்கு நேர் மேலே ஒரே சீராக நிற்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த மொத்த வேலையில் பாதி இதுதான். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸானாலும் ஒரு டிகிரி சாய்ந்தால் ஒரு மூலை கூர்மையாகவும் எதிர்மூலை மசமசப்பாகவும் வரும். நெகட்டிவுக்குக் கறுப்பு மவுண்ட் போர்டு இரண்டு துண்டு எடுத்து, 35 மி.மீ. ஃபிலிமின் படம் 36-க்கு 24 மி.மீ. என்பதால் அதைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாக 37-க்கு 25 ஜன்னல் வெட்டுங்கள். அந்தக் கூடுதல் மில்லிமீட்டரில் தெரியும் வெற்று ஓரம் பின்னால் நிறம் பார்க்க உதவும். இரண்டு போர்டுக்கும் நடுவில் ஃபிலிம் நழுவிப் போக ஒரு தடம் விட்டு ஓரங்களை ஒட்டிவிடுங்கள். மேலே கண்ணாடி வைத்து அமுக்க வேண்டாம். ஃபிலிமும் கண்ணாடியும் முழுக்க ஒட்டாத இடங்களில் வானவில் வளையங்கள் விழும். சுருண்ட துண்டுகளை பட்டர் பேப்பரோடு கனமான புத்தகத்துக்குள் நாலைந்து நாள் வைத்தால் பெரும்பாலும் படிந்துவிடும்.

கேமராவைக் கீழ்நோக்கி நிறுத்த, நடுத்தண்டைத் தலைகீழாக மாட்டக்கூடிய டிரைபாட் இருந்தால் போதும். அதைவிட நல்லது ஒன்று இருக்கிறது. மூடிப்போன ஸ்டூடியோக்களில் பழைய என்லார்ஜர்கள், அதாவது நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் பிரிண்ட் போட்ட கருவிகள், ஓரமாகக் கிடக்கின்றன. யாராவது தெரிந்தவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மேலே இருக்கும் விளக்குப் பகுதியைக் கழற்றிவிட்டு அந்த இரும்புத் தண்டில் கேமராவை மாட்டினால் ஆடவே ஆடாது, ஏற்றி இறக்கவும் வசதி. நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

நேராக நிற்கிறதா என்று பார்க்க முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்று போதும். நெகட்டிவ் கிடக்கும் இடத்தில் கண்ணாடியை மல்லாத்தி வைத்துவிட்டு, கேமராவின் பின்திரையில் நேரடியாகத் தெரியும் லைவ் வியூவில் பாருங்கள். லென்ஸின் முகம் கறுப்பு வட்டமாகக் கண்ணாடியில் தெரியும். கேமரா சாய்ந்திருந்தால் அந்த வட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். டிரைபாட் தலையை ஒரு மயிரிழை திருப்பத் திருப்ப அது நகர்ந்து வரும். வட்டத்தின் நடுப்புள்ளி திரையின் நடுப்புள்ளியில் வந்து உட்கார்ந்தால் கேமரா கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கிறது. திருகை இறுக்கிவிட்டு மறுபடி ஒரு தடவை பாருங்கள், இறுக்கும்போது லேசாக நகர்ந்திருக்கும். இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்காதவர்கள்தான் லென்ஸைக் குறை சொல்கிறார்கள்.

சரி, லென்ஸ். தாத்தாவின் அகலமான நெகட்டிவ்களுக்கு எதுவும் வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அளவைப் பார்த்தால் அது 120 என்ற அகல ஃபிலிம், பெயருக்கு 6-க்கு 6 செ.மீ. சதுரம். ஒரு படம் சுமார் 56 மி.மீ. இருக்கும். உங்கள் கேமராவில் படம் பதியும் சென்சாரின் உயரம் 15 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. 56-ஐ அதற்குள் அடக்க, சென்சாரில் படம் நிஜ அளவில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல் விழுந்தால் போதும், 18-55 கிட் லென்ஸ்களில் பலவும் 55-ல் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் போகும். சுமார் 4000-க்கு 4000 பிக்சல், 16 மெகாபிக்சல் கிடைக்கும். அந்தக் காலத்து வீடுகளில் அதிகம் புழங்கியது அக்ஃபா கிளிக் 3 போன்ற பெட்டிக் கேமராக்கள். அவற்றின் லென்ஸ் மிக எளியது, அதில் பதிந்த விவரத்துக்கு 16 மெகாபிக்சல் தாராளம். ஃபிலிம் ஓரத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்றும் பாருங்கள், ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ரோலாகக்கூட இருக்கலாம்.

35 மி.மீ. கலர் நெகட்டிவுக்குத்தான் கிட் லென்ஸ் பற்றாது. மூன்றில் ஒரு பங்கில் 36 மி.மீ. படம் சென்சாரில் 12 மி.மீ. அளவுக்குத்தான் விழும். சென்சார் அகலம் 22.3 மி.மீ. ஓரமெல்லாம் வீணாகி, 24-ல் உங்களுக்கு மிஞ்சுவது 7 மெகாபிக்சல். அதையும் குறைவாக நினைக்காதீர்கள். பத்து அங்குல அகலத்துக்கு நல்ல பிரிண்ட் வரும். அந்தக் காலத்தில் நாங்கள் மேக்ஸி சைஸில் போட்டுக் கொடுத்ததைவிட அது எவ்வளவோ பெரிது. இன்றைக்கே தொடங்க வேண்டுமென்றால் இதிலேயே தொடங்கலாம். முழு சென்சாரையும் நிரப்ப வேண்டுமென்றால் மேக்ரோ லென்ஸ் வாங்காமல் ஒரு வழி இருக்கிறது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும், கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழாய்களான எக்ஸ்டென்ஷன் டியூப் தொகுப்பும். டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு பெரிதாகும் என்று தெரிந்துவிடும். 20 மி.மீ. டியூப் 50 மி.மீ. லென்ஸில் 0.4 மடங்கு. லென்ஸைத் தன் மிகக் கிட்ட ஃபோகஸுக்குத் திருப்பினால் அதன் பங்கும் சேர்ந்து 0.6-ஐ ஒட்டி வரும். உங்கள் சென்சாருக்குத் தேவை அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை: மின் தொடர்புப் புள்ளிகள் உள்ள டியூபாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாத மலிவு டியூபில் கேனான் லென்ஸின் துளையை கேமராவால் மாற்ற முடியாது, முழுக்கத் திறந்த எஃப் 1.8-லேயே நின்றுவிடும், ஓரமெல்லாம் கரைந்துபோகும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் முதலில் அந்தப் பித்தளைப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். உண்மையான மேக்ரோ லென்ஸ் இதைவிட ஓரங்களில் மேல்தான், சந்தேகமில்லை. ஆனால் 160 படத்துக்காக மட்டும் வாங்க வேண்டாம். ஒரு நாள் இரவல் கிடைத்தால் வாங்கிப் பிடித்துவிடுங்கள்.

பிடிக்கும்போது எல்லாமே மேனுவல். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ரா ஃபைல். லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருந்தால் அணையுங்கள், 2 விநாடி டைமர் வையுங்கள், முடிந்தால் லைவ் வியூவிலேயே எடுங்கள், கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி தூக்கி அடிக்கும் அதிர்வு போகும். ஷட்டரை 1/50-ஐவிட வேகமாக வைக்காதீர்கள். சில எல்இடிகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பதால் படத்தில் பட்டை விழும். டேப்லெட்டில் கால் விநாடிகூட ஆகலாம், ஆகட்டும். லைவ் வியூவை 10 மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். முகத்தில் ஃபோகஸ் தேடாதீர்கள், முகம் மூலப்படத்திலேயே ஆடியிருக்கலாம். ஃபிலிமின் குருணையைத் தேடுங்கள். ஒரு நொடியில் கசங்கிய மேகம் மாதிரி இருந்தது ரவையைத் தூவினாற்போல் எழுந்து நிற்கும். அங்கே விட்டுவிடுங்கள். நடுவில் பார்த்துவிட்டு நாலு மூலையிலும் அதே ரவை தெரிகிறதா என்று ஒரு சுற்று பாருங்கள்.

வெளிச்ச அளவைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் வெற்று ஓரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நெகட்டிவில் மிகப் பிரகாசமான இடம் அந்த ஆரஞ்சு ஓரம்தான். கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமில் அது வலது எல்லையை முட்டாமல் எவ்வளவு வலதுக்குத் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். ஆரஞ்சு நீலத்தைத் தடுக்கும், அதனால் நீலச் சேனலுக்கு எப்போதும் வெளிச்சம் பஞ்சம். குறைவாக எடுத்தால் பின்னால் நிழல்களில் நீலப்புள்ளிகள் கொதிக்கும். ஒரு ரோலுக்கு ஒரு அளவு வைத்துவிட்டால் அந்த ரோல் முடியும் வரை மாற்ற வேண்டாம். பளபளப்பான பக்கம் கேமராவைப் பார்த்தால் படம் நேராக வரும், எமல்ஷன் பக்கம் பார்த்தால் இடம் வலமாக வரும். எது கூர்மை என்று வாதம் செய்பவர்கள் இருக்கிறார்கள், நான் பெரிய வித்தியாசம் கண்டதில்லை. ஃபேனை அணைத்தாக வேண்டும், அது தூசியையும் கொண்டுவரும், துண்டையும் பறக்கடிக்கும். ஆனால் ஃபேன் இல்லாத சென்னை அறையில் பத்தே நிமிடத்தில் நெற்றி வியர்வை சொட்டும், அது நெகட்டிவில் விழுந்தால் கறை. ஏசி அறை இல்லையென்றால் விடியற்காலை ஐந்து மணிக்கு உட்காருங்கள். நெற்றியில் ஒரு கைக்குட்டை, கையில் காட்டன் கையுறை.

இப்போது அந்த நீல முகங்கள். கலர் நெகட்டிவின் ஆரஞ்சு நிறம் வயதால் வந்த கறை இல்லை, கம்பெனியே வேண்டுமென்று வைத்தது. படத்தை உருவாக்கும் சாயங்கள் சுத்தமானவை அல்ல. மெஜந்தா சாயம் பச்சையை மட்டும் தடுக்க வேண்டும், ஆனால் கொஞ்சம் நீலத்தையும் தின்னும். சயான் சாயத்திலும் அதே மாதிரிக் கோளாறு உண்டு. இந்தப் பிழையைச் சமன் செய்யத்தான் ஃபிலிம் முழுக்க ஆரஞ்சுத் திரை. பிரிண்ட் போடும் தாளும் அந்த ஆரஞ்சைக் கணக்கில் வைத்தே தயாரானது. உங்கள் ஆப்புக்கு அது தெரியாது. அது எல்லாவற்றையும் திருப்பியது, ஆரஞ்சைத் திருப்பினால் நீலம். அதனால் திருப்பும் முன்பு மென்பொருளின் வெள்ளைச் சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) கருவியால் வெற்று ஓரத்தைத் தொட்டு ஆரஞ்சை நடுநிலையாக்கிவிட வேண்டும். அப்புறம் திருப்பி, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாக இருளின் தொடக்கத்தையும் வெளிச்சத்தின் முடிவையும் இழுத்துப் பொருத்த வேண்டும். லேபில் நாங்கள் பொத்தானால் ஏற்றி இறக்கியதும் இதையேதான்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. டார்க்டேபிள் இலவசம். அதில் 'நெகடாக்டர்' என்று ஒரு பகுதி இருக்கிறது, வெற்று ஓரத்தைக் காட்டிவிட்டால் அடிப்படையை அதுவே போட்டுவிடும். லைட்ரூம் வைத்திருப்பவர்கள் 'நெகட்டிவ் லேப் ப்ரோ' வாங்குகிறார்கள், வேகமாக நல்ல நிறம் தருகிறது. எதைப் பயன்படுத்தினாலும் ஒரு ரோலில் ஒரு நல்ல படத்தைப் பார்த்துச் சரிசெய்து, அதே அளவை மற்ற படங்களுக்கும் ஒட்டிவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். நிறம் பார்க்க முகத்தைவிட நல்ல இடம் வெள்ளை வேட்டி. வீட்டுக் கல்யாணப் படம் என்றால் ஒரு வேட்டியாவது இருக்கும். அதை நடுநிலையாக்கினால் முகம் தானாகத் தன் நிறத்துக்கு வரும். கறுப்பு வெள்ளைக்கு இந்தப் பாடே இல்லை. திருப்பி, கருமையும் வெண்மையும் சரிசெய்தால் முடிந்தது.

இந்த முறையால் முடியாதவையும் உண்டு. லேப்களில் இருந்த நல்ல ஸ்கேனர்கள் அகச்சிவப்பு ஒளியில் ஒரு தடவை பார்த்து, தூசியையும் கீறலையும் தனியாகக் கண்டுபிடித்துத் தாமே நிரப்பிவிடும். கலர் நெகட்டிவில் சாயம் அந்த ஒளியைத் தடுக்காது, தூசி தடுக்கும், அதனால் அது முடிகிறது. கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள் என்பதால் அங்கே அந்த வித்தை பலிக்காது. கேமராவில் அந்த வசதி இல்லை, கீறலைக் கையால்தான் ஒற்ற வேண்டும். ஒரு படத்துக்குப் பத்து நிமிடம்கூட ஆகும். எல்லாவற்றுக்கும் செய்யாதீர்கள், சட்டம் போட்டு மாட்டப்போகும் பத்துப் பதினைந்துக்குச் செய்யுங்கள். இன்னொன்று, சாயங்கள் மூன்றும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. முப்பது வருட நெகட்டிவில் நிழல் ஒரு நிறத்துக்கும் வெளிச்சம் இன்னொரு நிறத்துக்கும் சாய்ந்து நிற்கலாம். அதைக் கண்ணுக்கு இதமாக்கலாம். ஆனால் அம்மா அன்று கட்டியிருந்த புடவை எந்தப் பச்சை என்பதை அந்த நெகட்டிவ் இனிமேல் திட்டமாகச் சொல்லாது. புடவை இன்னும் பீரோவில் இருந்தால் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிசெய்யுங்கள். நான் இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன்.

கடையில் கொடுப்பதா என்றும் யோசித்திருப்பீர்கள். ஒட்டிப்போனவை, காடி வாடை அடிப்பவை, எமல்ஷன் உரிபவை இருந்தால் அவற்றைக் கையாளத் தெரிந்தவரிடம் நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். நெகட்டிவைப் பார்க்காமல் அவற்றுக்கு நான் வழி சொல்வது சரியாக இருக்காது. மற்ற 160 படமும் வீட்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். ஏற்பாடு சரியாக அமைந்துவிட்டால் 36 படத்தைப் பதினைந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

பிடித்து முடித்ததும் நெகட்டிவை எறிந்துவிடாதீர்கள். பிவிசி உறை வேண்டாம், அது நாளாக நாளாக ஒட்டும். பாலிபுரோப்பிலீன் உறையோ அமிலமில்லாத காகித உறையோ வாங்கிப் போட்டு, அடுக்களையில் பருப்பு கொட்டி வைக்கும் காற்றுப் புகாத டப்பா ஒன்றில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடுபடுத்தி ஈரத்தைப் போக்கி மறுபடி போடலாம். அந்துருண்டை வேண்டாம், அது பூச்சிக்கானது, பூஞ்சைக்கு அல்ல. காடி வாடை உள்ளவற்றை மட்டும் இந்த டப்பாவில் சேர்க்காமல், காற்றோட்டமாகத் தனியாக வையுங்கள். ரா ஃபைல் ஒன்று 25, 30 எம்பி வரும், மொத்தம் 5 ஜிபியை ஒட்டித்தான் வரும். ஒரு நகல் கணினியில், ஒன்று தனி ஹார்டு டிஸ்கில், இன்னொன்று வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ இருக்கும் உறவினரிடம்.

ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது ரோல் எண்ணையும், ஃபிலிம் ஓரத்தில் அச்சாகியிருக்கும் ஃபிரேம் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள், '07-23' மாதிரி. எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டு என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். ரோல் முடியும் இடத்தில் பாதி வெளுத்த படங்கள், கேமராவை மூடும்போது தவறுதலாக எடுபட்ட படங்கள் எல்லாம் இருக்கும், அவற்றையும் விடாமல் பிடியுங்கள். அப்புறம் பட்டர் பேப்பர் கவர்களில் அப்பா பென்சிலில் எழுதியிருக்கிறார் என்று சொன்னீர்களே, புது உறைக்கு மாற்றும் முன்பு ஒவ்வொரு கவரையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து ஒரு படம் எடுத்து, அந்த ரோலின் போல்டரில் முதல் ஃபைலாகப் போடுங்கள். பென்சில் எழுத்து நேர் வெளிச்சத்தைவிடப் பக்கவாட்டு வெளிச்சத்தில் நன்றாக எழும்பும்.